ஏந்தாத முந்தானை

அந்திச் செவ்வானம் மங்கி, கீழ்த்திசையில் கிளம்பிய முழுமதி மணிநீராற்றின் அலைகளை வெள்ளியாக்கிக்கொண்டிருந்த வேளையில், நெல் ஏற்றிய பேரரசின் படகுகள் வேங்கைநாட்டுத் துறையில் வந்து நின்றன. வாசக அன்பர்களே, அந்த நெல் யாருடையது என்கிறீர்கள்? வேங்கைநாட்டு உழவர் வியர்வை சிந்தி விளைவித்துத் தலைநகருக்கு அனுப்பியதுதான்! அதில் ஒரு பங்கு ஏரிக்கரை காக்க ஆண்டுதோறும் திரும்பி வரவேண்டும் என்பது முன்னோர் செய்த உடன்படிக்கை. இப்போது கரை உடைந்து கிடக்கிறது. மழையோ வாசலில் நிற்கிறது. கரை கட்டுவோருக்குக் கூலி நெல் இல்லை.

பேரரசின் அதிகாரி விழுப்பரையர் படகிலிருந்து இறங்கித் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சக்கரவர்த்திகள் மனமிரங்கி அளிக்கும் கொடை இது. நாட்டுத்தலைவியார் முந்தானை ஏந்திப் பெற்றுக்கொள்ள வேண்டும்."

வேங்கைநாட்டுத் தலைவி கொற்றநங்கையின் கண்கள் சிவந்தன.

"கொடையா? எங்கள் நெல்லை எங்களுக்கே கொடை என்று சொல்ல உமக்கு நாக்கூசவில்லையா?"

"ஏந்தாவிட்டால் படகுகள் இப்படியே திரும்பும், தேவி!"

நங்கை திரும்பிப் பார்த்தாள். சேறு உலர்ந்த கால்களோடும் ஒட்டிய வயிறுகளோடும் கரை கட்டுவோர் நின்றார்கள். அவர்களிடையே நக்கனும் நின்றான். சென்ற மாதம் எங்கிருந்தோ வந்து மண் சுமக்கத் தொடங்கிய அந்த இளைஞனுக்குத் தன் கையாலேயே கஞ்சி வார்க்க அவள் ஏனோ விரும்பினாள். இப்போது அவனைப் பார்க்கவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் விரல்கள் ஒருகணம் முந்தானையைப் பற்றின. மறுகணம் அதை உதறிவிட்டு, விறுவிறுவென்று நீரில் இறங்கி, படகில் வாய் அவிழ்ந்திருந்த நெல் மூட்டையில் இரு கைகளையும் புதைத்தாள்.

"கொடையைத்தான் ஏந்தி வாங்குவார்கள், ஐயா. பங்கை அள்ளித்தான் எடுப்பார்கள். எல்லோரும் வந்து அள்ளுங்கள்!"

"பிடியுங்கள் அவளை!" என்று அலறினார் விழுப்பரையர். காவலர் வேல்களை நீட்டினார்கள். நக்கன் பாய்ந்து அவள்முன் நின்றான்.

"வேல்களைத் தாழ்த்துங்கள்!"

நிலவு அவன் முகத்தில் விழுந்தது. விழுப்பரையர் நடுநடுங்கி மண்டியிட்டார்.

"இளவரசே! தாங்களா?"

ஆம், சக்கரவர்த்தியின் மைந்தர் மாறவளவரேதான்! குடிகளின் நிலையைக் கண்ணால் காண மாறுவேடத்தில் வந்தவர், நங்கையைக் கண்டபின் திரும்ப மனமின்றித் தங்கிவிட்டார்.

"தேவி, அஞ்சவேண்டாம். இந்த நெல் முழுவதையும் நானே உமக்குத் தருகிறேன்" என்றார் அவர் கனிவோடு.

நங்கையின் உதடுகள் துடித்தன. "தருகிறீர்களா? எங்களோடு மண் சுமந்தீர்கள், எங்கள் கஞ்சியைக் குடித்தீர்கள். அப்படியும் அந்தச் சொல் உங்கள் வாயைவிட்டுப் போகவில்லையே!"

இளவரசர் தலைகுனிந்தார். பிறகு ஒரு நெல் மூட்டையைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டார்.

"எங்கே இறக்கவேண்டும், தேவி?"

கோபம் தணியாத குரலில் அவள் சொன்னாள்: "உடைந்த கரையில்."