நான்காவது நிபந்தனை

"இது ஆட்டத்துக்கு ஆள் தேடுற அறிவிப்பா... இல்ல, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறாங்களா?"

சுன்னிவா திரும்பினாள். கையில் இன்னும் இரண்டு குண்டூசிகள்.

நூலகத்தின் அறிவிப்புப் பலகை முன்னால், அவளுக்குப் பின்னால் ஒருவன் நின்றிருந்தான். சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குடை இல்லை. ஓயாமல் மழை பெய்யும் பெர்கன் ஊர்க்காரன்தான்.

"படிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க," என்றாள்.

"படிச்சேன். அதான் கேக்குறேன்."

அவன் உரக்க வாசித்தான். "இணையவழிக் கதையாட்டம். மூன்று பேர் தேவை. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணி. முப்பது வாரம். ஒன்று, நேரத்துக்கு வரவேண்டும். இரண்டு, வர முடியாவிட்டால் முன்பே சொல்லவேண்டும். மூன்று, சொல்லாமல் ஒருமுறை வராவிட்டால் நீக்கம். நான்கு..."

நிறுத்தினான்.

"நான்கு, ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். ஏங்க, ஷிப்ட் வேலை பாக்குறவன் மனுஷன் இல்லையா?"

"மனுஷன்தான். ஆனா வரமாட்டான்."

"அனுபவமா?"

"ஆமா."

அவன் சிரித்தான். பாதியில் ஒரு நொடி நின்று, யோசித்து, பிறகு தொடர்கிற சிரிப்பு. கண்கள் சாம்பல் நிறம். மழை விட்டதும் துறைமுகத்துத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும்... அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அந்தக் கண்களைக் கவனித்ததற்காக இன்னும் கொஞ்சம் எரிச்சல்.

"வர்றேன் மேஜர்," என்று நெற்றியில் கைவைத்து சல்யூட் அடித்துவிட்டு மழைக்குள் போனான்.

திமிர் பிடித்தவன்.

அவள் காகிதத்தின் நான்கு மூலைகளையும் இன்னொரு முறை அழுத்தினாள்.

இது அவள் நடத்தப்போகும் மூன்றாவது ஆட்டம். ஒருத்தி கதை சொல்ல, மற்றவர்கள் அவரவர் வீட்டில் ஹெட்போனோடு உட்கார்ந்து அந்தக் கதைக்குள் ஆளுக்கொருவராக வாழ்வார்கள். பகடை உருளும். யார் பிழைப்பார்கள் என்று அதுவும் சொல்லும். கதை சொல்லத் தேவையானதெல்லாம் அவளிடம் இருந்தது. வருகிற ஆட்கள்தான் இல்லை. முதல் ஆட்டம் ஆறு வாரத்தில் ஓய்ந்தது. பரீட்சை, குழந்தை, பனிச்சறுக்கு... காரணங்கள் நல்லவைதான். இரண்டாவது ஆட்டத்தில் ஹோகன் இருந்தான். முதலில் ஆட்டத்துக்கு வருவதை நிறுத்தினான். பிறகு அவள் வீட்டுக்கு வருவதையும்.

இந்த முறையும் உடைந்தால் இனி இல்லை என்று முடிவு செய்திருந்தாள். ஆட்டமும் இல்லை, யாருக்காகவும் காத்திருப்பதும் இல்லை.

இணையத்திலும் அதே அறிவிப்பைப் போட்டாள். நாற்பத்து மூன்று பேர் எழுதினார்கள். ஒருவர் விடாமல் கூப்பிட்டுப் பேசினாள். பாதிப் பேர், "என்னது, வாரா வாரமா?" என்றார்கள். ஒருவன் தன் பூனையும் ஆடலாமா என்று கேட்டான். தபால் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓஷில்ட் அம்மாவையும், ஸ்தவாங்கரில் படிக்கிற திரிக்வே என்ற பையனையும் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது ஆளைக் கூப்பிட்டபோது மறுமுனையில் குரல் சொன்னது:

"வணக்கம் மேஜர்."

அந்தச் சிரிப்பு. பாதியில் நின்று தொடர்ந்தது.

"நூலகத்துல நின்னது நீங்களா?"

"காது நல்லா கேக்குதே!"

"அதான் என் பொழப்பு. காது கேக்காதவங்களுக்குக் கருவி பொருத்துறேன். பேரு?"

"ஐவின்."

"ஷிப்ட் வேலையா?"

தொண்டையைச் செருமினான்.

"இல்ல. பம்பு ரிப்பேர் பண்றேன்."

பம்பு மெக்கானிக் என்று எழுதிக்கொண்டாள். அவனை நீக்க அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அதில் ஏனோ ஒரு சின்ன நிம்மதி...

அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கினார்கள். உறைந்த கடல். வடகோடியில் அணைந்துபோன கலங்கரை விளக்கம். அதை ஏற்ற, மூன்று பேர் ஒரு பானையில் நெருப்பைச் சுமந்து போகிறார்கள். ஓஷில்ட் அம்மா வேட்டைக்காரி. திரிக்வே பொய் சொல்கிற பாதிரியார். ஐவின் அதிகம் பேசாத படகோட்டி.

வழியில் ஒரு சாவடி. கதவு திறக்க மட்டும் சுன்னிவா உண்டாக்கிய ஒரு பெண் அங்கே இருந்தாள். மற்ற இருவரும் அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள். படகோட்டி நின்றான்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்றான் ஐவின்.

சுன்னிவா குறிப்புகளைப் பார்த்தாள். பெயர் எழுதவில்லை. எத்தனையோ கதவுகளில் எத்தனையோ பெண்களை நிறுத்தியிருக்கிறாள்... யாரும் கேட்டதில்லை.

"ரன்வெய்க்," என்றாள். அது அவளுடைய இரண்டாவது பெயர்.

"நெருப்புப் பக்கத்துல வந்து உக்காரு ரன்வெய்க்," என்றான் படகோட்டி. "நாள் முழுக்க வாசல்ல நின்னிருக்கே."

சுன்னிவா அந்தப் பெயரைக் குறிப்புகளில் எழுதிக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்து மற்ற இருவரும் விடைபெற்ற பிறகும் ஐவின் இருந்தான். இரண்டு நிமிடம் பேசுவோம் என்றான். ஒரு மணி நேரம் ஆயிற்று. 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்கும் தெரியாது.

இரண்டாவது ஞாயிறு அவன் கேட்டான். "ஒரே ஊர்ல இருக்கோம். ஒரு காப்பி குடிக்கலாமே?"

"ஆட்டக்காரங்கள வெளியில பாக்குறதில்ல. ஆட்டம் முடியட்டும்."

"முப்பது வாரம், மேஜர்! காப்பிக்கொட்டையே முளைச்சு மரமாயிடும்."

அவள் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தாள்.

மூன்றாவது ஞாயிறு. மணி நான்கு. "காலை வணக்கம்," என்றான் ஐவின். திரிக்வே விழுந்து விழுந்து சிரித்தான். "யோவ், பொழுது சாயப்போகுது!"

அன்று அவன் குரலுக்குப் பின்னால் ஒரு ஓசை. இடைவிடாத, தாழ்ந்த இரைச்சல்.

"அங்கயும் மழையா?" என்று கேட்டாள்.

"ம்... இங்க ஒரே ஈரம்தான்."

அவள் ஜன்னலிலும் மழை. ஒரே மழை இருவருக்கும் பெய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மூன்று மணி நேரம் அதைக் கேட்டபடியே கதை சொன்னாள். அன்று போல அவள் எப்போதும் சொன்னதில்லை.

நான்காவது ஞாயிறு அவன் வரவில்லை.

நான்கு பத்து. நான்கு இருபது. திரையில் அவன் பெயர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. நான்கரைக்கு அவள் ஆட்டத்தைத் தொடங்கினாள்.

"காலையில நீங்க எழுந்திருக்கீங்க. படகோட்டி இல்ல. காலடித் தடம் தெற்கே போகுது."

"அவ்வளவுதானா?" என்றான் திரிக்வே. "நாங்க தேடிப் போகலாமா?"

"வேண்டாம்."

ஓஷில்ட் அம்மா பகடையை உருட்டினாள்.

ஆட்டம் முடிந்தபோது செய்தி வந்திருந்தது. 'மன்னிச்சிடு. சொல்ல முடியாத நிலைமை.'

சொல்ல முடியாத நிலைமை... ஹோகனும் அப்படித்தான் எழுதுவான்.

'மூன்றாவது நிபந்தனை,' என்று பதில் எழுதினாள்.

'புரியுது.'

அவ்வளவுதான். அவன் சண்டை போட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கெஞ்சியிருக்கலாம்... அவள் அந்த ஒற்றை வார்த்தையை இரண்டு முறை படித்தாள். பிறகு அவன் பெயரை நீக்கினாள்.

மறுநாள் மதியம், சாப்பாட்டு இடைவேளையில் ஓஷில்ட் அம்மா கூப்பிட்டாள்.

"ஏம்மா, அந்தப் பையனத் தூக்கிட்டியாமே?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்மா."

"விதி கிடக்கட்டும். அவன் எங்கேயிருந்து பேசுனான்னு தெரியுமா உனக்கு?"

"வீட்டுலேருந்து."

"வீடாம் வீடு! எண்ணெய்க் கிணத்து மேடையிலேருந்தும்மா. நடுக்கடல்ல. எங்க வீட்டுக்காரர் இருபது வருஷம் அங்க இருந்தவரு. தினம் போன்ல கேட்ட இரைச்சல். எனக்குத் தெரியாதா?"

"அது... மழை..."

"மழையா? காது டாக்டராம், காது டாக்டர்!"

சுன்னிவா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"நாலு மணிக்கு காலை வணக்கம் சொன்னானே, எல்லாரும் சிரிச்சோமே. ராத்திரி ஷிப்டும்மா அவனுக்கு. நமக்கு நாலு மணின்னா அவனுக்குத் தூங்குற நேரம். எழுந்து வந்து உக்காந்திருக்கான். அங்க அலாரம் அடிச்சா எல்லாரும் உயிர்காப்புப் படகுகிட்ட போய் நிக்கணும். ஒரு மணியோ மூணு மணியோ. போனை வெளியில எடுத்துட்டுப் போகக் கூடாது. நேத்து என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நீ கேட்டியா?"

கேட்கவில்லை.

"எனக்கென்ன," என்றாள் ஓஷில்ட் அம்மா. "நான் வேட்டைக்காரி. தடம் தெரிஞ்சா சொல்லுவேன்."

சுன்னிவா ஐவினுக்கு ஒரே வரி எழுதினாள். 'நான்காவது நிபந்தனைக்கு உண்மையான பதில் என்ன?'

பதில் ஐந்து மணிக்கு வந்தது. அவன் விழிக்கும் நேரம்.

'ரெண்டு வாரம் கடல், நாலு வாரம் கரை. பொய் சொன்னேன். நேத்து அலாரம். அதைச் சொன்னா பொய்யும் வெளியில வரும், அதனால சொல்லல. நாளைக்கு மத்தியானம் ஹெலிகாப்டர்ல வந்து இறங்குறேன். நீ நீக்கினது சரிதான்.'

அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல, தெளிவான கோபம். அதோடு இன்னொன்றும் வந்தது.

அன்று மாலையே மற்ற இருவருக்கும் எழுதினாள். ஒருவர் கடலில் இருக்கும் வாரங்களில் மட்டும் ஆட்டத்தைக் காலை ஒன்பது மணிக்கு மாற்றலாமா? ஓஷில்ட் அம்மா உடனே சம்மதித்தாள். திரிக்வே எழுதினான்: 'ஞாயித்துக்கிழமையில காலை ஒன்பதுன்னு ஒரு நேரம் இருக்கா? சரி... படகோட்டிக்காக.'

செவ்வாய்க்கிழமை. ஹெலிகாப்டர் நிலையத்தின் வாசலில் மழை சாய்வாக அடித்தது. பைகளோடு ஆட்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். கடைசிக்கு முந்தியவன் ஐவின். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றான். பின்னால் வந்தவர் அவன் மேல் மோதினார்.

"மேஜர்..."

"அப்படிக் கூப்பிடாத."

"வேற யாரையாவது கூட்டிட்டுப் போக வந்தியா?"

"ஆமா. ஒரு பொய்யன."

அவன் தலை குனிந்தான். கண்களுக்குக் கீழே கருவளையம்.

"உண்மையைச் சொல்லியிருந்தா சேத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

"அதுக்குப் பொய்யா? மூணு மணி நேரம் ஐவின்... மூணு மணி நேரம் உன் ஜன்னல்ல மழை பெய்யுதுன்னு நெனச்சுக் கேட்டுட்டே உக்காந்திருந்தேன். சந்தோஷமா." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "அது பம்பு!"

"பம்பு இல்ல. ரூமுக்குக் காத்து விடுற விசிறி..."

"ஐவின்!"

"சரி. தப்பு. பெரிய தப்பு." அவன் பையைக் கீழே வைத்தான். "ஆட்டத்துல சேரத்தான் பொய் சொன்னேன். அப்புறம் அந்தக் கதவுகிட்ட நின்ன பொண்ணு பேரு சொன்னியே... உண்மையைச் சொல்லிட்டா உன் குரலே கேக்காமப் போயிடும்னு பயந்துட்டேன். இப்பவும் சொல்லிடறேன். வருஷத்துல மூணுல ஒரு பங்கு நான் இங்க இருக்க மாட்டேன். பிறந்தநாள், கிறிஸ்துமஸ், எதுக்கும் உத்தரவாதம் இல்ல. அலாரம் அடிச்சா சொல்லக்கூட முடியாது. உன் காகிதத்துல இருக்குற ஒரு நிபந்தனைக்கும் நான் ஆகமாட்டேன்."

அவள் ஹோகனை நினைத்தாள். அவனுக்கு ஷிப்ட் வேலை இல்லை. நான்கு தெரு தள்ளித்தான் இருந்தான்.

"வர முடியலன்னா வராத," என்றாள். "அலாரம் நின்னதும் சொல்லு. எதுவா இருந்தாலும் உள்ளதைச் சொல்லு. எனக்கு அது போதும்."

"ஆட்டத்துக்கா?"

"ஆட்டத்துக்கு ஓஷில்ட் அம்மாவே பரிஞ்சு பேசி முடிச்சிட்டாங்க. வா, கார்ல ஏறு. நனையுற."

நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். வைப்பர் ஆடியது. அவன் தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்ன எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு சுன்னிவா," என்றான். "நேத்து எழுந்தவன் இன்னும் தூங்கல. ஆனா தூக்கத்துல உளறல."

அவள் பதில் தேடினாள். மூன்று ஆட்டங்களுக்கு ஆயிரம் பக்கம் எழுதியவளுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. சுரங்கப்பாதை வந்தது, போனது. திரும்பிப் பார்த்தாள். கண்கள் மூடியிருந்தன. மூச்சு சீராக வந்தது.

அவள் வேகத்தைக் குறைத்தாள். வைப்பரை மெதுவாக்கினாள்.

"எனக்கும்," என்றாள் மிகத் தாழ்ந்த குரலில். "அந்தக் கதவுகிட்டயே..."

மழை கூரையில் விழுந்தது. இந்த முறை மழையேதான்.

"கேட்டுச்சு," என்றான் ஐவின், கண்ணைத் திறக்காமல்.