ஊமை நாற்காலி

மூன்றாம் வருடம் தொடங்கியபோது எங்கள் எழுத்துப் பயிற்சி வகுப்பை மாடிக் கோடியில் இருந்த அறைக்கு மாற்றினார்கள். ஆங்கில இலக்கியம் படிப்பவர்களில் கதை எழுதும் பாடத்தை எடுத்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். இவர்களுக்கு எதற்குப் பெரிய அறை என்று அலுவலகத்தில் நினைத்திருப்பார்கள். கதவைத் திறந்ததும் ஈரக் காகிதத்தின் வாசனை முகத்தில் அடித்தது. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜன்னலோரம் கைப்பிடி வைத்த பழைய மர நாற்காலி ஒன்று மட்டும் வட்டத்தில் சேராமல் தனியாக நின்றது.

"அதுதான் ஊமை நாற்காலி," என்றாள் கமா. "சீனியர்ஸ் சொல்லியிருக்காங்க. உட்கார்ந்தா வாய் போயிடுமாம்."

"அப்படின்னா அதை நம்ம ரூமுக்கு எடுத்துட்டுப் போயிடலாம். நானும் கொஞ்சம் தூங்குவேன்."

கமா என் விடுதி அறைத்தோழி. வாக்கியத்தை முடிக்க மனமில்லாமல் கமாவாகப் போட்டுக்கொண்டே போவாள். அதனால் அந்தப் பெயர். பேச்சும் அப்படித்தான். பல் துலக்கும்போது பேசுவாள், தூக்கத்தில் பேசுவாள். இவள் கொஞ்சம் வாயை மூடமாட்டாளா என்று தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்திருக்கிறேன். 

பாடம் எடுத்தவர் கத்தரி மேடம். எந்தக் கதையைக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிடுவார் என்பதால் அந்தப் பெயர் அவருக்கு. அவர் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கதை எழுதியவர் அந்த மர நாற்காலியில் உட்கார வேண்டும். மற்றவர்கள் கதையைப் பிரித்து மேய்வார்கள். எழுதியவர் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

"அங்க உட்கார்ந்துட்டா நீ செத்துப்போன எழுத்தாளர்," என்பார் மேடம். "செத்தவங்க விளக்கம் சொல்ல மாட்டாங்க. கதை தானே தன் காலில் நிக்கணும்."

எல்லாரும் பேசி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இப்போ நீ பேசலாம்," என்பார். அதைச் சொல்லாமல் அவர் வகுப்பை முடித்ததே இல்லை. மணி அடித்துவிட்டாலும் யாரையும் எழவிட மாட்டார். நாங்கள் அதைக் கண்டிப்பு என்று நினைத்தோம்.

கமாவின் முறை வந்தது மழை நாளில். கதை அவள் அம்மாவைப் பற்றியது. வீட்டைப் பள்ளிக்கூடம் மாதிரி நடத்தும் அந்த அம்மாவை அவள் 'எச்.எம்.' என்றுதான் கூப்பிடுவாள்.

"இந்த அம்மாவை நம்பவே முடியல," என்றான் ஒருவன். "இவ்வளவு கண்டிப்பான ஆளு கடைசியில ஏன் அழறாங்க?"

கமா துடித்தாள். பதில் தொண்டை வரை வந்து நிற்பது தெரிந்தது. பேச முடியாத ஆத்திரத்தில் கட்டைவிரல் நகத்தை நாற்காலியின் கைப்பிடியில் அழுத்திக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்து முழித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சட்டென்று மின்சாரம் போனது. அந்த நேரம் பார்த்து, கல்லூரி முதல்வர் அவசரமாகக் கூப்பிடுகிறார் என்று ஆள் வர, மேடம் எழுந்து ஓடினார். மணி அடித்தது. எல்லாரும் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினார்கள்.

கமா மட்டும் எழவில்லை.

"வாடி, ஹாஸ்டல் பஸ் போயிடும்."

அவள் மேடத்தின் காலி இருக்கையைக் காட்டினாள். பிறகு தன் வாயைக் காட்டினாள்.

"ரொம்பத்தான் நடிக்காத. சரி, மேடம் சார்பா நானே சொல்றேன். இப்போ நீ பேசலாம். போதுமா?"

அவள் வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. அதில் ஈரக் காகிதத்தின் வாசனை அடித்தது.

தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். "குரல்வளை நல்லாத்தான் இருக்கு. பரீட்சை டென்ஷனா இருக்கும்," என்றார். வாய்மொழித் தேர்வுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் பேசாவிட்டால் பட்டம் கிடையாது. ஆனால் கமா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கட்டிலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அறையின் அமைதி என்னால் தாங்கக்கூடியதாக இல்லை. அவள் அம்மா போன் செய்தபோதெல்லாம் நானே எடுத்தேன்.

"தொண்டை கட்டியிருக்கு ஆன்ட்டி."

"ஊருக்கே பேசற தொண்டை, கட்டாம என்ன செய்யும்? வெந்நீர் குடிக்கச் சொல்லு," என்று அதட்டுவார். வைப்பதற்கு முன் குரல் இறங்கும். "ஒரு தடவை 'ம்'னு மட்டும் சொல்லச் சொல்லேன்."

கமா வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். அந்த அழுகைக்கும் ஒலி இல்லை.

ஒரு நாள் தன் போனில் தட்டி என்னிடம் நீட்டினாள். 'பேச்சு வருது, மேல வரைக்கும் வருது, ஆனா தொண்டைக்குள்ள, எனக்கு முன்னாடி, யாரோ நிக்கிறாங்க,'

நான் மேடத்தின் வீட்டு வாசலில் போய் நின்றேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?" என்றார். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

"மேடம், அந்த ஒரு வார்த்தையை அந்த ரூம்ல வந்து சொல்லுங்க. உங்க காலில் விழறேன்."

வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அதே நாற்காலியில ஒரு பொண்ணு உட்கார்ந்தா," என்றார் கடைசியில். "அவ கதையை எல்லாரும் கிழிச்சுப் போட்டாங்க. மணி அடிச்சிடுச்சு. நாளைக்கு நீ பேசலாம்னு சொல்லிட்டேன்."

"மறுநாள்?"

"அவ வரல. எங்கயும் வரல."

மறுநாள் மதியம் கமாவைக் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப் போனேன். நல்ல வெயில். இருந்தாலும் அந்த அறைக்குள் மட்டும் மழைநாளின் மங்கல் அப்படியே தங்கியிருந்தது. அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். கைப்பிடியில் அவளுடைய நகத் தழும்புகள், வரிசையாக, பிறைபிறையாக.

மேடம் எதிரே உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்போ நீ பேசலாம்."

கமாவின் உதடுகள் பிரிந்தன.

"நன்றி மேடம்."

அது கமாவின் குரல் இல்லை.

நெடுங்காலம் திறக்காத கதவைத் திறப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக, அவசரமே இல்லாமல் வந்தது. "கடைசிப் பக்கம் நம்பும்படியா இல்லைன்னு சொன்னாங்க. கதையில வர்ற பொண்ணு எதுக்குக் கிணத்துல குதிச்சான்னு கேட்டாங்க. அவ குதிக்கலை மேடம். என்னைத் தள்ளிவிடப் போறாங்கன்னுதான் எழுதியிருந்தேன். அதைத்தான் அன்னைக்குச் சொல்ல இருந்தேன்."

மேடத்தின் கையிலிருந்து கண்ணாடி விழுந்தது. "நீயா..." என்று முணுமுணுத்தார்.

நான் கமாவின் கண்களைப் பார்த்தேன். அவள் அங்கே இருந்தாள். பின்னுக்குத் தள்ளப்பட்டு, கூட்டத்தில் கை நழுவிப்போகும் குழந்தையைப்போல என்னையே பார்த்தாள். கட்டைவிரல் நகம் மரத்தைப் பிறாண்டியது.

பிறகு அந்தக் கை மடியில் அமைதியாக அமர்ந்தது. கண்கள் தெளிந்தன. அவற்றில் இருந்தவளுக்கு என்னைத் தெரியவில்லை.

"மேடம், திரும்பச் சொல்லுங்க!" என்று கத்தினேன். "சொல்லுங்க மேடம்!"

மேடம் சொன்னார். அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பேசிட்டுத்தானே மேடம் இருக்கேன்," என்றது அந்தக் குரல்.

வாய்மொழித் தேர்வில் அவளைப்போல யாரும் பேசவில்லை என்றார்கள். முழு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் அழகான முற்றுப்புள்ளி. விடுதியைக் காலிசெய்து வீட்டுக்குப் போகும்போது என்னிடம் கைகுலுக்கினாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

சில வாரம் கழித்து அவள் அம்மா என்னை அழைத்தார். அதட்டல் இல்லை. வாயை முந்தானையால் மறைத்துக்கொண்டு பேசுவதுபோல மெல்லிய குரல்.

"நல்லாத்தான் இருக்கா. சொன்ன வேலையைச் செய்யறா. மரியாதையா 'அம்மா'ன்னு கூப்பிடறா." கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "என்னை அவ 'எச்.எம்.'னு கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு... ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. இது எம் பொண்ணுதானே?"

"ஆமா ஆன்ட்டி," என்றேன். வேறு என்ன சொல்வது?

மேடம் வேலையை விட்டுவிட்டார். நான் மேலே படித்து, வேறு எங்கும் போகாமல், அவர் இடத்துக்கே வந்தேன். அந்த அறையின் சாவிக்காக வந்தேன் என்பது யாருக்கும் தெரியாது. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு காலி நாற்காலியின் எதிரே உட்கார்ந்து, "இப்போ நீ பேசலாம்," என்று கமாவுக்குச் சொல்வேன். பதில் வந்ததில்லை. பேச ஒரு வாய் வேண்டும் என்பது எனக்குப் புரிந்துதான் இருக்கிறது.

இந்த வருடம் புதிதாக வந்தவர்களில் வாயாடிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். இன்று அவள் கதையின் முறை.

"மேடம், இந்த மர நாற்காலி சும்மாத்தானே கிடக்கு? ராணி மாதிரி இதுல உட்காரட்டுமா?"

 என் அறைத்தோழியின் சிரிப்பை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்று தோன்றியது. அந்தப் பெண் நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பாதி உட்கார்ந்தும் விட்டாள்.

"வேண்டாம்!"

என் கத்தலில் வகுப்பே திடுக்கிட்டது. "கால் ஆடுது, விழுந்துடுவே," என்று சமாளித்தேன். அவள் சிரித்துக்கொண்டே வட்டத்துக்குப் போய்விட்டாள்.

எல்லாரும் போன பிறகு நாற்காலியின் அருகில் போனேன். வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. பழைய தழும்புகள் கறுத்துப்போயிருந்தன. அவற்றின் வரிசையில் கடைசியாக, வெளிறிய மரம் தெரிய, புதிதாக ஒன்று, மற்றவற்றைவிட ஆழமாக.

"என்னை மன்னிச்சுடுடி," என்றேன்.

அதிலிருந்து மரத்தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.