ஐந்து வோல்ட்

"மின்மூலத்தின் அடையாளம் தெரியவில்லை. ஐந்து வோல்ட் மட்டும்" என்றது சுவாசப்பொறி.

"எங்க உப்பளத்துச் சூரியத்தகடு இது. ரெண்டு மோட்டாரை ஒண்ணா இழுக்கும். இதுக்கு என்ன அடையாளம் வேணுமாம்?" அஞ்சம்மாள் கத்தினாள்.

புயல் மின்கம்பங்களைச் சாய்த்து இரண்டு நாள். முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தில் அவள் கணவன் சந்தனசாமி நிமோனியாவோடு அந்தப் பொறி தரும் காற்றில் கிடந்தான்.

செவிலி வேதவல்லிக்குக் காரணம் தெரியும். கருவிகள் எல்லாம் மின்சாரம் தருவதிடம் முதலில் 'நீ யார்?' என்று கேட்கும். தயாரித்த நிறுவனம் கையொப்பமிட்ட மின்சான்றைக் காட்டினால்தான் இருபது வோல்ட் வாங்கும்; இல்லையென்றால் ஐந்துதான். போலி மின்னேற்றிகள் வீடுகளை எரித்த காலத்தில் வந்த சட்டம் அது. ஐந்து வோல்ட்டில் மின்கலம் ஏறுவதைவிட வேகமாக இறங்கியது. நாற்பது நிமிடம் மிச்சம்.

செயற்கைக்கோள் பேசியில் நிறுவனத்தை அழைத்தாள்.

"உங்க பாதுகாப்புக்குத்தான் மேடம்" என்றார் அதிகாரி.

"மூச்சு நின்னு போறதா பாதுகாப்பு? விலக்கு குடுக்க உங்களால முடியும்ல?"

"முடியும். சான்றில்லாத மூலத்துக்குக் குடுக்க அனுமதியில்ல."

அஞ்சம்மாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள். அங்கே அதே நிறுவனத்தின் விளம்பரப் பலகை தன் சொந்த மின்கலத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றைப் பெயர்த்து மின்பெட்டியைத் தலையில் சுமந்து வந்தாள்.

"மூலம் மெய்யானது. இருபது வோல்ட்" என்றது பொறி.

"பல்லிளிக்கிற பலகைக்குச் சான்று குடுத்திருக்கான், பாருங்க சிஸ்டர்!" அஞ்சம்மாள் பொரிந்து தள்ளினாள்.

நான்காம் நாள் சந்தனசாமி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். முகாம் கலைந்து வேதவல்லி தன் மருத்துவமனைக்குத் திரும்பினாள்.

நிறுவனம் விலக்கு முறையைத் திருத்தவில்லை. பலகையை உடைத்தது குற்றம் என்று அறிவித்து, அந்தப் பெட்டியின் மின்சான்றை ரத்து செய்தது. அதே சான்றைத்தான் மருத்துவமனைகள் உட்பட மாவட்டம் முழுவதும் ஆயிரக்கணக்கான மின்பெட்டிகளில் பதித்திருந்தார்கள். காலை பதினோரு மணிக்கு எல்லா மருத்துவமனைப் பொறிகளும் ஒரே குரலில் ஐந்து வோல்ட் என்றன.

நிறுவனத்தின் பொறியாளர் ஓடி வந்தார். வேதவல்லி அவர் கையில், அழுத்தி மூச்சு ஊட்டும் காற்றுப்பையைத் திணித்து ஒரு நோயாளியின் தலைமாட்டில் நிறுத்தினாள்.

"புதுச் சான்று எப்ப வரும்?"

பையை அழுத்தியபடியே அவர் தோளில் இடுக்கிய தொலைபேசியில் விசாரித்தார்.

"சான்று குடுக்குற கணினியே நின்னு போச்சு சிஸ்டர். கரண்ட் குடுத்தா, 'நீ யார்'னு கேக்குதாம்."