உயிருடன் இருக்கிறார் என்று நான் சாட்சி சொன்னேன்

பெரிலின் வீட்டுக்கு நான் போனது நீச்சல்குளத்து மோட்டாரைப் பார்க்க. ஜூலை மாதம், மதியம் மூன்று மணி. எங்கள் குன்றில் அந்த நேரத்தில் நாய்கூட வெளியே வராது. நூற்று நாற்பது வெள்ளை வீடுகள். எல்லாவற்றிலும் ஆங்கிலேயக் கிழங்கள். எல்லா ஜன்னலிலும் ஷட்டர் தரைவரை இறக்கியிருக்கும். வெளியே கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், உள்ளே கிணற்று இருட்டு. வெயில் தேடி ஸ்பெயினுக்கு வந்துவிட்டு அதை வீட்டுக்குள் விடமாட்டோம்.

கை கழுவ உள்ளே போனபோது பெரில் மேஜைமேல் ஒரு படிவத்தை நகர்த்தினாள்.

“கிளைவ் கண்ணு, வில்ஃபோட லைஃப் சர்டிஃபிகேட். சாட்சிக் கையெழுத்து ஒண்ணு போட்டுடேன்.”

வெளிநாட்டில் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு வரும் காகிதம் அது. இந்த ஆள் உயிருடன் இருக்கிறார், நேரில் பார்த்தேன் என்று உறவில்லாத ஒருவர் எழுதித்தர வேண்டும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை மால்கமின் பாரில் பியருக்கு நடுவே ஒருவருக்கொருவர் கிறுக்கிக் கொடுத்துவிடுவோம்.

“வில்ஃப் எங்கே?”

“தூங்குறார். எழுப்பினா என்னைத் தின்னுடுவார். உனக்குத் தெரியாதா அவரை?”

தெரியும். பெரிலின் கணவர் வில்ஃப், இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி என்ற ஊரில் பஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஓய்வு பெற்று இருபது வருடமாகியும் எல்லோரையும் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களாகவே பார்த்தார். பிப்ரவரியிலிருந்து அவரைக் காணோம். இடுப்பு வலி, படுத்திருக்கிறார் என்றாள் பெரில். யாரும் போய்ப் பார்க்கவில்லை. அவர் வராதது எல்லோருக்கும் நிம்மதி.

கையெழுத்துப் போட்டேன். பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்தேன்.

படுக்கையறையில் யாரோ இருமினார்கள்.

சரளைக்கல்லை மண்வெட்டியால் அள்ளுவது போன்ற இருமல். வில்ஃபுடையதுதான்.

“என்ன வில்ஃப், எழுந்தாச்சா?” என்று குரல் கொடுத்தேன். பெரிலின் கையிலிருந்து கோப்பை நழுவி உடைந்தது. அவளுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தபடி கிளம்பினேன்.

மூன்று வாரம் கழித்து, நண்பகலில், பெரில் என் வாசலில் நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். மணிக்கட்டில் நான்கு விரல் அழுந்திய கன்றல்.

“அந்தக் கையெழுத்தை ரத்து பண்ணு. பொய் சொல்லிட்டேன்னு எழுதிப் போடு.”

“ஏன், என்ன ஆச்சு?”

“அவர் பிப்ரவரியிலயே செத்துட்டார், கிளைவ். வலென்சியாவுக்குப் போன இடத்துல நெஞ்சு அடைச்சுப் போச்சு. அங்கேயே எரிச்சு, சாம்பலை மடியில வச்சுக்கிட்டு பஸ்ல வந்தேன். பென்ஷன் நின்னுடும்னு யார்கிட்டயும் சொல்லல.”

“இருமினாரே! நான் கேட்டேனே!”

“நானும் அன்னைக்குத்தான் முதல் தடவையாக் கேட்டேன். அஞ்சு மாசம் வீடு சத்தமில்லாமக் கிடந்துச்சு. நீ எழுதி முடிச்சே, அவர் இருமினார்.”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“வா. அன்னைக்குப் பாக்காததை இன்னைக்குப் பாரு.”

அவள் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்தாள். முதலில் வந்தது நாற்றம். மழையில் நனைந்த கம்பளிக் கோட்டின் நாற்றம். மழை பெய்து நான்கு மாதமாகியிருந்தது. ஷட்டரின் துளைகள் வழியே ஊசி ஊசியாக வெளிச்சம். கட்டிலில் யாரும் இல்லை. ஆனால் மெத்தை ஓர் ஆள் நீளத்துக்குக் குழிந்திருந்தது.

குழி மெல்ல என் பக்கம் நகர்ந்தது.

ஒருக்களித்துப் படுப்பவரைப் போல.

“எழுதிக் குடுத்தியே,” என்றது இருட்டு. “வந்து பாத்தியாடா?”

முற்றத்துக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. பெரில் பின்னாலேயே வந்தாள்.

“எழுதுறியா?”

“எழுதினா நானே மாட்டிக்குவேன். இந்த ஊர்ல இருக்க விடமாட்டாங்க. எனக்கு இங்க இருக்கற என் வீட்டை விட்டா வேற போக்கிடம் கிடையாது. உன் புருஷன், நீ பாத்துக்க.”

பெரில் “சரி,” என்றாள்.

பத்து நாள் கழித்து விமான நிலையத்தில் விடச் சொன்னாள். லீட்ஸில் இருக்கும் மகளிடம் போகிறாள், திரும்பி வரமாட்டாள். ஒரே ஒரு பெட்டி.

“அவர்?” என்றேன், பெட்டியை இறக்கியபடி.

“அவர் எதுக்கு என்கூட வரணும்? நான் படிவத்துக் கட்டத்துல டிக்தான் போட்டேன். உயிரோட இருக்கார்னு எழுதினது நீ.” என் கன்னத்தில் முத்தமிட்டாள். அந்தக் கோடையில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

நெடுஞ்சாலை ஏறியதும் காரில் பீப், பீப் என்று சத்தம். பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் எழும் சத்தம்.

இருக்கை காலி.

ஈரக் கம்பளி நாற்றம்.

‘கிளிக்’. பெல்ட் மாட்டும் ஓசை. பீப் நின்றது.

அன்று மாலையே எழுதினேன். நேரில் பார்க்கவில்லை, பொய்ச்சாட்சி சொன்னேன், அவர் இறந்துவிட்டார், என் கையெழுத்தை ரத்து செய்யுங்கள் என்று எல்லாவற்றையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெரிலுக்காக எழுதாததை எனக்காக எழுதினேன். பதில் வரும்வரை மால்கமின் பாரில், பின்னறையில் படுத்துக்கொண்டேன்.

“வீடு இருக்கறவன் எதுக்குடா பியர் பீப்பாய்க்கு நடுவுல படுக்கறே? பேய் பிடிச்சிருச்சா?” என்றான் மால்கம்.

“ஏசி ரிப்பேர்.”

“உன் மூஞ்சியும்தான்.”

பகலில் மட்டும் வீட்டுக்குப் போய் வந்தேன். அங்கேயும் வந்திருந்த கம்பளி நாற்றம் நாளுக்கு நாள் குறைந்தது. ஆறாவது வாரம் சுத்தமாக இல்லை. கடிதம் வேலை செய்துவிட்டது என்று நம்பினேன்.

அந்தச் சனிக்கிழமை காலை, குன்றின் அடியில் இருக்கும் என் தபால்பெட்டியில் இரண்டு உறைகள் இருந்தன. இரண்டும் பென்ஷன் அலுவலகத்திலிருந்து. முதலாவது எனக்கு.

‘தங்கள் கடிதம் குறித்து விசாரித்தோம். திரு. வில்ஃப்ரெட் ஸ்லேட்டர் கடந்த செவ்வாயன்று எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். பாதுகாப்புக் கேள்விகள் அனைத்துக்கும் சரியாக விடையளித்தார். சாட்சி கூறியவருக்குச் சற்று மனக்குழப்பம் என்று வருத்தத்துடன் தெரிவித்தார். மேல்நடவடிக்கை தேவையில்லை.’

இரண்டாவது உறையில் அவர் பெயர். பெயருக்குக் கீழே என் வீட்டு எண், என் தெரு.

மேட்டில் ஓடினேன். சாவியைப் போட்டுத் திருப்பினேன். பூட்டு திறந்தது, கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

நான் தனியாள்.

தட்டினேன். உள்ளே செருப்பை இழுத்து இழுத்து யாரோ கதவுவரை வந்து நின்றார்கள். மூச்சு கேட்டது.

பிறகு, நிதானமாக, சங்கிலியையும் மாட்டினார்.