வாத்தின் கழுத்து

வாத்தின் கழுத்தில் இந்த வருஷமும் அதே இடத்தில்தான் விரிசல் விட்டிருந்தது. ஆனால் இந்த முறை அதன் ஓரங்கள் வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தன. வெயிலும் மழையும் பெயர்த்த மாதிரி இல்லை. உள்ளேயிருந்து யாரோ தோள் கொடுத்துத் தள்ளிய மாதிரி இருந்தது.

நெடுஞ்சாலை ஓரத்தில் நின்ற அந்தச் சிமென்ட் வாத்தின் வயிற்றுக்குள்தான் அவளுடைய கடை. பிஸ்கட், சோடா, பேட்டரி, பலூன் எல்லாம் கிடைக்கும். போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். பஸ் நிறுத்தத்துக்கே வாத்து என்றுதான் பேர். "வாத்தெல்லாம் இறங்கு!" என்று கண்டக்டர் கத்தினால் பஸ்ஸே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, இறங்குகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள்.

இருபத்தோரு வருஷமாகப் பார்க்கிறாள்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. வாத்து வேண்டுமென்று அடம்பிடித்தவளே அவள்தான். கொத்தனாரான கணவர் கம்பியை வளைத்து, வலை கட்டி, கூடு எழுப்பினார். பூச்சு வேலை நடந்த அன்று, காலடியையே சுற்றிச் சுற்றி வந்த குழந்தையை, "வேலை முடியிற வரைக்கும் என் கண்ணுல படாத, போ" என்று இவள் விரட்டினாள். கலவை இயந்திரம் காது கிழிய ஓடிக்கொண்டே இருந்தது. அது நின்றபோது கழுத்தும் தலையும் பூசி முடிந்திருந்தன, கடைக்குக் கூரைப் பலகை அடித்தாகிவிட்டது, குழந்தையைத்தான் காணவில்லை. குளத்தில் தேடினார்கள். காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தார்கள். என்றைக்காவது திரும்பி வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமே என்று, கணவர் வருஷம் தவறாமல் விரிசலைப் பூசி அதே மஞ்சளை அடித்து வந்தார்.

இந்த வருஷம் அவருக்கு முட்டி மடங்கவில்லை. அவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவளே பூச்சுக் கரணையோடு ஏறினாள். மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்திருந்தது. லாரிகள் இரைந்து போகும்போதெல்லாம் ஏணி கையில் நடுங்கியது. ஈரச் சிமென்ட் வாடைக்கு அடியில், விரிசலிலிருந்து இன்னொரு வாசம் மெல்லக் கசிந்தது. விளையாடி வியர்த்த குழந்தையின் தலை வாசம்.

"உள்ள ஏதோ அசையுதுங்க."

"புறாவா இருக்கும்மா. வருஷா வருஷம் கேக்குற சத்தந்தான். பூசிட்டு இறங்கு, மழை வருது."

வருஷா வருஷமா? அவர் இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே.

அந்த முதல் பூச்சுக்கு முந்தின வாரமெல்லாம் குழந்தை கம்பிக் கூட்டுக்குள் ஏறி, வாத்தின் அலகு வழியே முகம் நீட்டிக் கத்துவாள். அந்த முகம் இப்போது கண்முன் வந்து நின்றது. எங்கெல்லாம் தேடினோம், இங்கே மட்டும் ஏன் தேடவில்லை? கரணை முனையை விரிசலுக்குள் கொடுத்து நெம்பினாள். ஒரு சில்லு உள்ளே விழுந்தது. அது அடியில் போய் விழும் சத்தம் கேட்கவில்லை. யாரோ கையில் வாங்கிக்கொண்டதைப் போல.

போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள்.

சுவர் முழுக்க நகக் கீறல்கள். கீழே, சின்னஞ்சிறு விரல்களுடையவை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் பெரியவை. அதற்கும் மேலே, இன்னும் பெரியவை. அவள் முகத்துக்கு நேராக இருந்தவை அவளுடைய விரல் அளவே.

இன்னும் ஈரமாக இருந்தன.

"என்னம்மா நின்னுட்ட? சாந்து இறுகுது. சட்டுனு பூசு."

கரணை நழுவியது. உள்ளே மூச்சுச் சத்தம். பக்கத்தில். இன்னும் பக்கத்தில்.

"அம்மா..."

ஆறு வயதுக் குரல். கொஞ்சமும் மாறாத குரல்.

"வேலை முடிஞ்சிடுச்சாம்மா? இப்ப வெளிய வரட்டுமா?"

அவள் அழுதாள். அழுதுகொண்டே, வேறு எதுவும் தோன்றாமல், விரிசலுக்குள் கையை விட்டாள்.

ஒரு கை அதைப் பற்றியது. நீளமான, வெளுத்த, வளர்ந்த பெண்ணின் கை. மணிக்கட்டில், மகளின் ஆறு வயதில் அவள் போட்டுவிட்ட சிவப்புப் பிளாஸ்டிக் வளையல் சதைக்குள் புதைந்திருந்தது.