புலிக்காது இலை

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. புயல் மழையில் ஓடுதளம் நீரில் மூழ்கியதால் மீனம்பாக்கம் விமான நிலையம் காலையிலேயே மூடப்பட்டது.

விமானச் சத்தம் இல்லாத பகல் பொழிச்சலூரில் அபூர்வம். ஆனால் மாடி வீட்டில் ஹேமாவதியை உறுத்தியது அது இல்லை. அவளுடைய வலது காதில் மழை பெய்யவில்லை.

இடது காதுக்கு எல்லாம் கேட்டது: தகரக் கூரையில் விடாமல் கொட்டும் இரைச்சல், தெருவில் வெள்ளம் மதிலை உரசிக்கொண்டு ஓடுவது, தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் படபடவென்று அடித்துக்கொள்வது. அந்தக் காதை உள்ளங்கையால் பொத்தினாள். எல்லாம் நின்றது. அந்த அமைதிக்குள் யாரோ வெங்காயம் நறுக்கினார்கள்.

ஒரு மாதமாகச் சீழ் பிடித்து, எதுவுமே கேட்காமல் கிடந்த காது அது. அமெரிக்க மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு அப்படியே தட்டச்சு செய்வது அவள் வேலை. போன மாதம் பதினைந்து மில்லிகிராமை ஐம்பது என்று அடித்துவிட்டாள். இன்னொரு தப்பு வந்தால் வேலை இல்லை என்று கடிதம் வந்திருந்தது. செவிப்பறையில் ஓட்டை, காதுக்குள் எதுவும் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நேற்று சாயந்திரம் கீழ்வீட்டு ஷீலா அக்காதான் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"இன்னா ஹேமா, மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

"காதுதான்க்கா. சரியாகலன்னா வேலை போயிடும்."

ஷீலா சிங்கப்பூரில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துவிட்டுத் திரும்பியவள், தனியாக இருப்பவள். டிவி ஸ்டாண்டின் மேல் ஒரு சின்னத் தொட்டி வைத்திருந்தாள். வட்ட இலைகள், வெள்ளி நிற நரம்புகள், மேலெல்லாம் பூனை மயிர். இலைகளுக்கு நடுவிலிருந்து தையல் நூல் போலச் சிவப்பாக நாலைந்து கொடிகள் தொங்கின. சீனர்கள் இதைப் புலிக்காது என்பார்களாம்.

"நான் பாத்துக்கினு இருந்த சீனக் கெழவி, காது வலின்னா இதத்தான் கசக்கி வுடும். தொண்ணூறு வயசு. பக்கத்து வூட்ல பால் பொங்குனா இங்கேர்ந்து சொல்லும்."

"டாக்டர் எதுவும் விடக்கூடாதுன்னாரு."

"அவரா வந்து டைப் அடிக்கப் போறாரு? என்னப் பாரு. நீ மேல அடிக்கிறது எனக்குக் கீழ கேக்குது. எத்தினி தபா தப்பா அடிச்சு அழிக்கிறன்னு சொல்லட்டா?"

ஹேமாவதி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே தலையைச் சாய்த்தாள். மூன்று சொட்டு. குளிர்ச்சியாக இறங்கியது.

இன்று காலையில் மின்சாரம் போனது. சிறுசேரி அலுவலகத்தில் மாட்டிக்கொண்ட கணவன் கேசவ் போன் செய்தபோது பழைய பழக்கத்தில் வலது காதில் வைத்தாள். அவன் குரல் இல்லை. எண்ணெய் காயும் சத்தம், கடுகு வெடிப்பது. இடது காதுக்கு மாற்றினாள்.

"லைன்ல இருக்கியா? தண்ணி வடிஞ்சதும் கெளம்பிடுவேன்."

அத்தோடு சிக்னலும் போயிற்று.

மதியத்துக்கு மேல் வீடு இருட்டிக்கொண்டு வந்தது. ஈரச் சுவரின் வாடையோடு, கசக்கிய இலையின் பச்சை வாடையும் அவள் மேலிருந்தே வந்தது. வலது காதில் ஷீலா சாப்பிட்டாள். சோறு பிசையும் சத்தம், மெல்லும் சத்தம், தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் என்று ஒவ்வொன்றாக நெருங்கி வந்து, கடைசியில் ஒரு மூச்சும் அதன் அடியில் மெதுவாக அடிக்கும் ஓர் இதயமும் மட்டும் மிஞ்சின. ஹேமாவதி தன் மார்பில் கை வைத்துப் பார்த்தாள். இவளுடையது வேகமாக அடித்தது.

ஜன்னலுக்குப் போய்க் கம்பியில் முகத்தை அழுத்தினாள்.

"ஷீலாக்கா!"

வலது காதில், எங்கோ உயரத்தில், ஒரு பெண் ஷீலாக்கா என்று கூப்பிடுவது மழையோடு சேர்ந்து கேட்டது. அது அவள் குரல். கீழே இருப்பவளுக்கு எப்படிக் கேட்குமோ அப்படி.

"கத்தாத, கேக்குது" என்றாள் ஷீலா, மிக மெதுவாக.

ஹேமாவதி பின்னால் நகர்ந்தாள். காதை ஏதோ லேசாக இழுத்தது. கை தானாகப் போனது. ஒரு நூல். ஈரமாக, மெல்லிய மயிரோடு. காதிலிருந்து தோள் வழியாக ஜன்னலுக்கு. ஜன்னலிலிருந்து கீழே.

இழுத்தாள். வலிக்கவில்லை.

"இழுக்காத. எனக்கு வலிக்குது இல்ல?"

மேசை டிராயரைத் திறந்தாள். கத்தரிக்கோல்.

"கத்திரியா? வெட்டுனா ரெண்டு காதும் பூடும், ஹேமா. அப்பால வேலைக்கு இன்னா பண்ணுவ?"

அவள் கை நின்றது. கத்தரிக்கோலைத் திரும்ப வைத்தாள்.

அப்போது மழை விட்டது. தகரத்தின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. தெரு வெள்ளம் அடங்கியது. நிம்மதியாக ஜன்னலைப் பார்த்தாள்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு விமான நிலையம் திறந்தது. பத்தரைக்கு இடுப்பளவு நனைந்த பேண்ட்டோடு கேசவ் வந்தான். அவன் வாய் திறந்து திறந்து மூடியது. அவளைப் பார்த்தான், நூலைப் பார்த்தான், டிராயரை இழுத்தான். அவள் இரண்டு கைகளாலும் தடுத்தாள். அவன் வெட்டிவிட்டான்.

வலது காதில், மிக அருகில், ஷீலா வீறிட்டாள். பிறகு அந்தக் காதிலும் ஒன்றும் இல்லை.

கீழ்வீட்டுக் கதவை கேசவும் எதிர்வீட்டு லாசரஸும் சேர்ந்து உடைத்தார்கள். முழங்கால் தண்ணீரில் ஹேமாவதி அவர்களுக்குப் பின்னால் நின்றாள். லாசரஸ் அண்ணாந்து பார்த்ததில் விமானம் போகிறது என்று தெரிந்துகொண்டாள்.

ஷீலா நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தாள். டிவி ஸ்டாண்டின் மேல் தொட்டியில் வெறும் மண். அவளுடைய இரண்டு காதுகளிலிருந்தும் சிவப்பு நூல்கள் புறப்பட்டு ஜன்னலுக்கு வெளியே போயின. ஹேமாவதி எண்ணினாள். பதினேழு. ஒன்று மாடிக்கு ஏறியிருந்தது. மற்ற பதினாறும் மதிலைத் தாண்டித் தெரு வீடுகளை நோக்கிப் போயிருந்தன.