இரண்டாம் தீ

மேல்வானத்துச் செம்மை முற்றிலும் மறையாத அந்த அந்திப்பொழுதில், கீழ்த்திசையில் எழுந்த முழுமதி ஆன்பொருநையின் அலைகளில் வெள்ளியை உருக்கி வார்த்துக்கொண்டிருந்தது. அக்கரையில் முனையூர்ப் படையின் பாசறைத் தீக்கள் ஒவ்வொன்றாகச் சுடர்விடத் தொடங்கின. விடிந்தால் போர்! இக்கரையிலோ, செங்குன்றக் கோட்டையின் மதில்மேல், படைக்கலச் சாலையின் பொறுப்பைத் தந்தையிடம் கேட்டுப் பெற்றிருந்த இளவரசி இளவேண்மாள் துளியும் கலங்காமல் நின்றிருந்தாள்.

"அழைத்தீர்களா, தேவி?" என்று வணங்கினான் கோடன். வாள் செய்வதில் வல்லவன் என்று சொல்லிக்கொண்டு சென்ற திங்கள் வந்தவன். கோட்டையின் புதிய வாள்கள் யாவும் அவன் மேற்பார்வையில் உருவானவை. உலைக்களத்தில் அவனோடு வாதிட்ட பகல்கள் இளவரசிக்கு இனித்தன என்பதை வாசகர்களிடம் மறைப்பானேன்?

"நாளை நானும் களம் புகுகிறேன். நீர் செய்த இந்த வாளையே ஏந்துவேன்."

அவன் முகம் வெளுத்தது. "வேண்டாம், தேவி! வேறு வாள் எடுங்கள்!"

"ஏன்? அரமும் கீறாத வாள் என்று அவையில் முழங்கினீரே! இடையிலிருப்பதை உருவும்!"

அவன் தயங்கி உருவினான். இளவரசியின் வாள் மின்னி இறங்கியது. கோடனின் வாள் இரண்டாக முறிந்து கல்லில் விழுந்தது. அவள் வாளில் சிறு பிளவும் இல்லை.

"பழுக்கக் காய்ச்சிய உருக்கை நீரில் தோய்த்தால் கடினமாகும், ஆனால் நொறுங்கும். மறுபடி இளஞ்சூட்டில் வாட்டினால்தான் அடி தாங்கும். அந்த இரண்டாம் தீயை நீர் வேண்டுமென்றே காட்டவில்லை. கைதவறி விழுந்த வாளொன்று விண்டபோதே அறிந்தேன். உமக்குத் தெரியாமல் எல்லா வாள்களையும் வாட்டிவிட்டோம், உமது இடைவாளைத் தவிர!"

அவன் வியந்து நகைத்தான். "தோற்றேன், தேவி! நான் முனையூர் இளவரசன் வெற்பன். கோட்டையை வெல்லவே வந்தேன். ஆயினும் உங்களைக் களத்தில் பலியிட என்னால் முடியவில்லை."

சொல்லியவாறே மதிலிலிருந்து நதியில் பாய்ந்தான். வில்லாளர் ஓடிவந்து நாணேற்றினர்.

"எய்யாதீர்கள்!"

"தேவி, ஒற்றன் தப்புகிறானே!"

"தப்பட்டும். நம் வாள்கள் முறியா என்று முனையூர் வேந்தருக்குச் சொல்ல, அவர் மகனைவிட நம்பத்தக்க தூதன் கிடைப்பானா?"

அவள் சொன்ன காரணம் மெய்யே. ஆயினும் நிலவொளியில் நீந்திய அந்தத் தலை கரையேறும்வரை அவள் அங்கிருந்து அகலவில்லை.

பொழுது புலர்ந்தபோது அக்கரையில் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.